ஒரு சென்ட் கரிசல்

எங்கள் வீட்டுப் புறவாசலில் வெண்டை முதன்முதலாகப் பூத்த அன்று அதைப் பருத்தி என்று எண்ணிவிட்டார் அப்பா. 2024 மார்ச் நடுவில் ஒரு காலை. அவருடைய இடக்கண்ணில் புரை முற்றியிருந்தது; வலக்கண்ணுக்கும் பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகைதான். கயிற்றுக்கட்டிலில் இருந்தபடி அந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்க யாருய்யா பருத்தி போட்டது?" என்று கேட்டார். நான் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்காததுபோல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவர் எண்ணியதில் பிழையொன்றும் இல்லை என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. வெண்டையும் பருத்தியும் ஒரே குடும்பம். செம்பருத்தி, பூவரசு, துத்தி, புளிச்சகீரை எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம். லின்னேயஸ் 1753-இல் வெண்டைக்குப் பெயரிட்டபோது செம்பருத்தியோடு சேர்த்தே வைத்தார். 1794-இல்தான் மோயென்ச் அதைத் தனிப் பேரினத்துக்குள் மாற்றினார். இதழ் முழுக்க வெளிறிய மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கண். நம் கரிசலின் பழைய நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியின் பூவும் அவ்வண்ணமே. பிற்காலத்தில் பரவிய அமெரிக்கப் பருத்தியின் பூ வெளுத்திருக்கும், பெரும்பாலும் அந்தக் கண் இராது. ஆகவே அப்பா வெறுமனே பருத்தி என்று மயங்கவில்லை. கருங்கண்ணி என்று மயங்கியிருக்கிறார். அது வேறு செய்தி.

தமிழ் படித்தவனுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் அது பழைய நூலில் இருக்கிறதா என்று தேடுவது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு விரல்விட்டுப் பார்த்தேன். அவரைப்பூ உண்டு, பீர்க்கம்பூ உண்டு, பாரம் என்ற பெயரில் பருத்திப் பூவும் உண்டு என்பது உரை. வெண்டை இல்லை. அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியப் பகுதியா, இந்தியாவா என்று தாவரவியலாளர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் காய் என்று நாம் உரிமை கொண்டாடும் பலவற்றின் கதையும் இதுதான். கத்தரிக்காய்க்குக் கிடைத்த பெருமை வெண்டைக்காய்க்குக் கிட்டாமல் போனதற்கு அதன் வழவழப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு வாய்த்த ஒரே புகழ், அதைத் தின்றால் கணக்கு நன்றாக வரும் என்பது. அப்படிச் சொல்லித்தான் அம்மா எனக்கு ஊட்டினாள். கணக்கு வரவில்லை. தமிழ் இலக்கியம் படித்தேன்.

கயத்தாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் எழுவது 1799 அக்டோபர் 16. வீரபாண்டிய கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்ட நாள். சிவாஜி கணேசன் நிறுவிய சிலையை நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்கடுத்தபடியாகக் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று எங்கள் வெட்டவெளியில் வந்து விரியும். அதனாலேயே காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமும் இங்கே இருக்கிறது. கோவில்பட்டி போகும் வழியில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். பதினாறு ஆண்டுகளாக நான் வகுப்பில் கரிசல் இலக்கியம் நடத்துகிறேன். கி.ரா. 1982-இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஏர், கலப்பை, களை, கண்மாய் என்று மாணவர்களுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் விடிகாலையில் களையெடுத்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள். அவர்கள் முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு இருக்கும். அதன் பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

நிலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கயத்தாறுக்குக் கிழக்கே எங்கள் பூர்விகக் கிராமத்தில் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருந்தது. பருத்தியும் உளுந்தும் குதிரைவாலியும் மாறிமாறிப் போடுவார் அப்பா. 2007-இல் அந்த மூன்று ஏக்கரையும் விற்றார். 2008-இல் நான் இப்போதிருக்கும் வேலையில் சேர்ந்தேன். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே உள்ளதை வாசகர்கள் தாமாகவே நிரப்பிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இந்த இடைவெளியை எவரும் வாய்விட்டு நிரப்பியதில்லை. அந்த நிலத்தில் இன்று ஒரு காற்றாலை நிற்கிறது. இரவில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தொலைவில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுங்கும். அவற்றுள் நம்முடையது எது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் அப்பா சுட்டிக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் வேறொன்றைக் காட்டுவார்.

அம்மா 2022-இல் இறந்தபின் அப்பா கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லமாட்டார். குறைவாகச் சாப்பிடுவார், அவ்வளவுதான். அவருக்காகத் தோட்டம் போட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையன்று. வீட்டுப் புறவாசலில் ஒரு மண்மேடு கிடந்தது, அதனால் போட்டேன்.

அந்த மண்மேட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கரிசலில் வீடு கட்டுவது எளிதன்று. மழையில் ஊதி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் மண் அது. வெடிப்புக்குள் கைவிட்டால் முழங்கை வரை போகும். அதனால் அடித்தளத்துக்குக் கரிசலைத் தோண்டி எடுத்து வெளியே கொட்டிவிட்டு மணலும் சரளும் நிரப்புவார்கள். எங்கள் வீட்டுக்குத் தோண்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போக ஆள் வராமல் புறவாசலிலேயே பரப்பிவிட்டோம். பேச்சுக்கு ஒரு சென்ட் என்பேன். நாடா வைத்து அளந்தால் அரை சென்ட்டுக்குச் சற்று மேல். வீடு நிற்பதற்காக வெளியேற்றிய மண்ணில்தான் என் விவசாயம்.

முதல் முயற்சி படுதோல்வி. 2023 ஐப்பசியில் விதைத்தேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று செய்தி வந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லையென்றாலும் கரிசல் நீரை விடாது. உள்ளேயும் இறங்காது, வெளியேயும் போகாது. நான்கு நாள் தேங்கி நின்றதில் வேர் அழுகி, ஒரு சாண் உயரத்திலேயே அத்தனை செடியும் சாய்ந்தன. ஊரெல்லாம் மூழ்கிக் கிடந்த வாரத்தில் முப்பது வெண்டைச்செடிக்காக வருந்துவது வெட்கமாக இருந்ததால் எவரிடமும் சொல்லவில்லை.

தைப்பட்டத்தில் மறுபடி. இம்முறை ஒரு முழ உயரத்துக்குப் பார் பிடித்து, அதன் தலையில் விதை ஊன்றினேன். விதை அர்கா அனாமிகா. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம். ஒட்டுவீரிய விதை வேண்டாம் என்று கடைக்காரரிடம் பிடிவாதம் பிடித்துத்தான் வாங்கினேன். ஒட்டுவீரிய விதையிலிருந்து விதை எடுத்தால் மறு ஆண்டு தாயைப் போல் பிள்ளை வராது. இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, காலையில் குழிக்கு இரண்டாக ஊன்றி, நாற்பது செடி நிலைத்தன. ஆறு வாரத்தில் மொட்டு. அப்புறம் அந்தப் பூ.

மாலையில் கல்லூரி விட்டு வந்தபோது அப்பா கட்டிலைச் செடிக்கு ஐந்தடி தூரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் கைத்தடியோடு செடியருகே நின்றுகொண்டிருந்தார்.

"நேத்துப் பூத்த பூ செவக்கலையே. சுருண்டுல்ல போச்சு."

பருத்திப் பூ மறுநாள் சிவந்து நிற்கும். வெண்டைப் பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். காலையில் விரிந்து, மாலைக்குள் வாடிச் சுருண்டுவிடும். கண் சொல்லாததைக் காத்திருந்து தெரிந்துகொண்டிருக்கிறார். "வெண்டைப்பா" என்றேன். "அதானே பாத்தேன்" என்றார். என் முதல்நாள் மௌனத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. பருத்தி என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் எண்ணினேனா, இல்லை நிலத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடுமோ என்று அஞ்சினேனா?

அன்றிலிருந்து செடிகள் அவர் கைக்குப் போய்விட்டன. ஒரு வாரத்தில் இரண்டு செடிகளின் குருத்து மட்டும் வாடித் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நான் குடத்தோடு போனேன். அப்பா குருத்தை விரலால் தடவிப் பார்த்து, வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே நறுக்கென்று ஒடித்து, பிளந்து காட்டினார். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு. "பருத்தியில வர்ற அதே கழுதைதான். மொதல்ல குருத்தத் திங்கும், அப்புறம் காய்க்குள்ள போவும்." புத்தகத்தில் தேடினேன். புள்ளிக் காய்ப்புழு, பருத்திக்கும் வெண்டைக்கும் பொதுவான எதிரி. பூச்சியியல் நூல் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வசைச்சொல்லோடு முடித்திருந்தார். ஒடித்த குருத்துகளைச் சேர்த்து அடுப்பில் போடச் சொன்னார். "மருந்து மட்டும் அடிச்சிராத" என்றார்.

எங்கள் பக்கத்தில் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். பயிருக்கு அடித்தாலும் மருந்துதான்; கடன்பட்டவன் குடித்தாலும் மருந்தைக் குடித்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள். கருங்கண்ணி போட்ட காலத்தில் அப்பா மருந்து வாங்கியதில்லை. கூடுதல் விளைச்சலுக்காக அமெரிக்க ரகத்துக்கு மாறிய பிறகு, ஒரு பட்டத்துக்கு எட்டு முறை, பத்து முறை அடிக்க வேண்டியதாயிற்று. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகில் தெளிப்பானோடு அவர் காட்டுக்குள் நடப்பது என் பள்ளிப்பருவத்தின் நிலையான காட்சி. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துத் தந்த கருங்கண்ணி ரகங்கள் எவ்வளவோ இருக்க, இந்தத் திசையில் ஏன் போனோம் என்று ஒருநாள் கேட்டேன். "ஒனக்குப் பீஸ் கட்டணும்ல" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

இனிச் சமையல். இந்தப் பகுதியை நான் சற்று உரிமையோடு எழுதலாம்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பக்குவம். இன்னும் இரண்டு நாள் விட்டால் நார். கத்தி தேவையில்லை. ஆனால் சுணை உண்டு, முழங்கைவரை அரிக்கும். சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் வசை வாங்குகிறோமே, அந்தச் சோதனை சொந்தச் செடியிடம் தேவைப்படுவதில்லை. செடியே காம்பின் மென்மையில் சொல்லிவிடும். ஒரு பறிப்புக்கு அரைக்கிலோ கிடைத்தது. என் மனைவி நாகர்கோவில் பக்கம். தேங்காயைக் கருக வறுத்தரைத்துத் தீயல் வைத்தாள். அருமையான தீயல். அப்பா இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்பில் இறங்கினேன். அம்மா வைக்கும் புளிக்குழம்பு. ஆனால் அவளிடம் நான் கேட்டு வைத்துக்கொண்டது எதுவும் இல்லை. காயைக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்து, பிறகே நறுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். வழவழப்பு நீரில் கரைந்து இழுபடுவது. நறுக்கியபின் நீர் பட்டால் தொலைந்தது. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் காயைப் போட்டேன். கையோடு உப்பைப் போடப் போனேன். புறவாசல் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "உப்பு இப்பப் போடாத." எப்படித் தெரிந்தது? டப்பா திறக்கிற சத்தம் கேட்டதாம். உப்பு நீரை வெளியே இழுக்கும். மூடிபோட்டால் ஆவி நீராகி மறுபடி விழும், அதனால் மூடியும் கூடாது. ஐந்து நிமிடம் கிளறிவிட்டு, "போதுமா?" என்றேன். "இன்னும் வழவழன்னுதான் கேக்குது" என்றார். உண்மைதான். கரண்டி ஈரமாக வழுக்கிக்கொண்டிருந்த ஓசை, சற்றுநேரத்தில் காய்ந்த சுள்ளி உரசுவதுபோல மாறியது. "இப்ப எறக்கு."

அதன்பிறகு சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாக வதக்கி, மிளகாய் வற்றலும் மல்லியும் சீரகமும் வறுத்தரைத்ததைப் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, பச்சைவாடை போகக் கொதித்து, கடைசியில் காய். மிச்சமிருந்த வழவழப்பும் புளிப்பில் அடங்கிவிடும். சோறு குதிரைவாலி. அப்பா இரண்டாம் முறை குழம்பு கேட்டார். "உங்க அம்மா இதுல கொஞ்சம் வெந்தயம் போடுவா" என்றார். அம்மா இறந்தபின் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் மஞ்சள் வந்தது. ஒரு செடியின் இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பொன்கம்பியாக மின்னின. முதல் பார்வைக்கு அழகாகவே இருக்கும். மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ சுமந்துவரும் நச்சுயிரி. 1924-இலேயே பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய். இதற்கு ஈடுகொடுக்க 1960-களில் தில்லியிலிருந்து வந்த பூசா சவானி சில காலம் நின்று பிறகு பணிந்தது. காட்டு வெண்டையின் உறவைக் கலந்து உருவாக்கிய அர்கா அனாமிகாவும் வெளிவந்தபோது நன்றாகத் தாங்கியது. இப்போது பல இடங்களில் தாங்குவதில்லை. கோடையில் ஈ பெருகும். தையில் விதைத்ததே தவறு என்றார் அப்பா.

"மஞ்சளானதப் புடுங்கி எறி."

அந்தச் செடியில் ஏழு பிஞ்சு இருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். ஒரு வாரத்தில் மஞ்சள் பதினாறு செடிக்குப் பரவியிருந்தது. காய்கள் வெளிறி, முண்டும் முடிச்சுமாகத் திரும்பின. ஒன்றைப் பிடுங்க மனம் வராமல் பதினேழைப் பிடுங்கினேன். கரிசல் அவ்வளவு எளிதில் வேரை விடாது, கை கொப்புளித்தது. அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதுபோல் இருந்தார். "பருத்தியிலயும் இப்படித்தான், காய் இருக்கேன்னு விட்டு வச்சேன்" என்று மட்டும் சொன்னார். எந்த ஆண்டு, எவ்வளவு போயிற்று என்று நான் கேட்கவில்லை.

நோய் தொடாமல் ஓரத்தில் நின்ற ஒரு செடியில் நான்கு காய்களைப் பறிக்காமல் விட்டோம். அவை நீண்டு, தடித்து, மே மாதக் காற்றில் காய்ந்து, விளிம்புகள் வெடிக்கத் தொடங்கியபோது அப்பா ஒடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் இடக்கண்ணுக்கு அறுவை முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயாக நெட்டுவாக்கில் பிளந்து, சாம்பல் படிந்த பச்சை விதைகளை முறத்தில் உதிர்த்தார். கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றைக் காலி செய்து, கொஞ்சம் அடுப்புச் சாம்பலோடு விதைகளை அதில் போட்டார். புரட்டாசியில் போட்டால் ஈத்தொல்லை குறையும் என்றார்.

"ஏக்கருக்கு எவ்வளவு வெதை பிடிக்கும்?"

ஹெக்டேருக்கு 8 கிலோ என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு மாற்ற எனக்குக் கைபேசி தேவைப்பட்டது. மூன்றேகால் கிலோ இருக்கும் என்றேன்.

அப்பா கண நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப மூணு ஏக்கருக்குப் பத்துக் கிலோ" என்றார். தீப்பெட்டியை மூடி, காதோரம் வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.